கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்பு வலி: பிசியோதெரபி தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கழுத்தில் தொடங்கித் தோள்பட்டை வழியாக விரல் நுனி வரை இறங்கும் வலியோடு மருத்துவரிடம் செல்பவர்களுக்கு, "கழுத்து எலும்பு தேய்மானம்", "ஜவ்வு விலகியிருக்கிறது", "நரம்பு அழுந்துகிறது" என்பவற்றில் ஏதோ ஒன்று விளக்கமாகக் கிடைக்கிறது. கூடவே ஒரு மாத்திரைச் சீட்டும், "பத்து நாள் பிசியோதெரபி எடுங்கள்" என்ற ஒற்றை வரியும் கிடைக்கின்றன. அந்தப் பத்து நாளில் என்ன நடக்க வேண்டும், வீட்டில் எதைச் செய்ய வேண்டும், எதைக் கண்டால் உடனே நிறுத்த வேண்டும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல நெரிசல் மிகுந்த புறநோயாளிகள் பிரிவில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. முதன்முறையாக இச்சிகிச்சைக்குச் செல்லும் ஒருவர் அறிந்திருக்க வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது

கழுத்தில் 7 முள்ளெலும்புகளும் 8 இணை நரம்பு வேர்களும் உள்ளன. அவற்றுள் ஐந்தாவது முதல் எட்டாவது வரையிலான வேர்கள், மார்புப் பகுதியின் முதல் வேரோடு பின்னிக் கைக்குச் செல்கின்றன. முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள ஜவ்வு, அதாவது டிஸ்க், பிதுங்கும்போதோ, வயதோடு எலும்பின் ஓரங்கள் தடித்து நரம்பு வெளியேறும் துளை குறுகும்போதோ, அந்த வேர் எரிச்சலடைகிறது. அழுத்தம் மட்டுமே வலிக்குக் காரணமன்று; பிதுங்கிய ஜவ்வைச் சுற்றி உண்டாகும் அழற்சியும் வீக்கமும் வலியில் பெரும்பங்கு வகிக்கின்றன. அழற்சி தணிந்தால், ஸ்கேன் படம் அப்படியே இருக்கும்போதும் வலி குறைந்துவிடுவது இதனால்தான்.

எந்த வேர் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் விரல்களே காட்டிக்கொடுக்கும். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் மரத்துப்போனால் ஆறாவது வேரையும், நடுவிரல் மரத்து, கையை நீட்டித் தள்ளும் வலு குறைந்தால் ஏழாவது வேரையும், சுண்டு விரலும் மோதிர விரலும் மதமதத்துப் பிடி தளர்ந்தால் எட்டாவது வேரையும் சந்தேகிக்க வேண்டும். ஐந்தாவது வேருக்கு விரலில் அடையாளம் இல்லை. தோளின் வெளிப்புறம் வலித்து, கையைப் பக்கவாட்டில் உயர்த்துவது கடினமாகும். அதிகம் பாதிக்கப்படுவது ஏழாவது வேர், அதற்கு அடுத்தது ஆறாவது.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குபவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானில் கழுத்து வலியோ கை வலியோ இல்லாத 1,211 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2015இல் வெளியிட்ட ஆய்வில், 87.6 விழுக்காட்டினருக்கு ஜவ்வுப் பிதுக்கம் காணப்பட்டது. எனவே அறிக்கையில் உள்ள சொற்கள் உங்கள் கையில் உள்ள அறிகுறிகளோடு பொருந்தினால் மட்டுமே அவற்றுக்குப் பொருள் உண்டு. அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சிகிச்சை தொடங்கும் இடத்தில் நான் அமர மாட்டேன்.

முதல் படி: ஆபத்து இல்லை என்று உறுதி செய்தல்

பயிற்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன், பிசியோதெரபிக்கே போகக் கூடாத நிலைகளை விலக்கிவிட வேண்டும். இடது கை வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது கழுத்து நரம்பாக இருக்கும் என்று காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

அடுத்தது தண்டுவடமே அழுந்துவது. இதில் வலி குறைவாக இருக்கலாம் என்பதால் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சட்டைப் பொத்தான் போடுவதும் எழுதுவதும் தடுமாறுதல், இரண்டு கைகளும் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், கால்கள் இறுகிக் கனத்தல், கழுத்தைக் குனியும்போது முதுகு வழியாக மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் நரம்பியல் அல்லது முதுகெலும்பு அறுவை மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, காய்ச்சலோடும் காரணமற்ற எடைக் குறைவோடும் வரும் வலி, புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி, படுத்தாலும் எழுந்தாலும் இரவு முழுதும் குறையாத வலி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் கை பலவீனம் ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

இன்னொரு எச்சரிக்கை நம்மூருக்கே உரியது. முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்துச் சடக்கென்று நெட்டி முறிப்பதும், சுளுக்கு எடுப்பவரிடம் கழுத்தைக் கொடுப்பதும் இந்த வலி உள்ளவர்கள் அறவே தவிர்க்க வேண்டியவை. கழுத்தெலும்பின் வழியாக மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அந்தத் திருப்பலில் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது. ஆனால் அது நடந்திருக்கிறது.

இரண்டாம் படி: முதல் நாள் பரிசோதனை

நல்ல பிசியோதெரபிஸ்ட் முதல் நாளில் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் தொடு உணர்வு, தசை வலு, சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனிச்சைச் செயல் ஆகிய மூன்றையும் இரு கைகளிலும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பின்னர், ராபர்ட் வெய்னரும் சக ஆய்வாளர்களும் 2003இல் தொகுத்த நான்கு சோதனைகளைச் செய்யக்கூடும். தலையை வலிக்கும் பக்கம் சாய்த்து மேலிருந்து மெல்ல அழுத்தும்போது கை வலி வருகிறதா, கையை நீட்டி நரம்பை இழுக்கும்போது அதே வலி வருகிறதா, தலையைத் தூக்கி இழுக்கும்போது வலி குறைகிறதா, வலிக்கும் பக்கம் கழுத்து 60 பாகைக்கும் குறைவாகத்தான் திரும்புகிறதா என்பவையே அவை. நான்கும் பொருந்தினால் இது நரம்பு வேர் வலியாக இருப்பதற்கான வாய்ப்பு 90 விழுக்காடு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

மணிக்கட்டில் நரம்பு அழுந்தினாலும் விரல்கள் மரத்துப்போகும். முழங்கையின் உட்புறத்தில் அழுந்தினால் சுண்டு விரல் மரத்துப்போகும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள்பட்டை இறுகிக்கொள்வது மிகவும் சாதாரணம். இவை கழுத்து நோயோடு குழம்பக்கூடியவை என்பதால், தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லிக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. உங்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டழற்சி), எலும்பு வலுவிழப்பு இருந்தாலோ, இதயத்தில் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டிருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிட வேண்டும்.

அன்றே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். வலி பத்துக்கு எத்தனை என்று எழுதுவதைவிட, வலி கையில் எதுவரை இறங்குகிறது என்று எழுதுவது பயனுள்ளது. இந்தச் சிகிச்சை முழுவதற்கும் திசைகாட்டியாக அமைவது அந்த ஒரு குறிப்புதான். விரலில் இருந்த வலி முழங்கைக்கும், முழங்கையில் இருந்தது தோளுக்கும் ஏறி வந்தால், கழுத்தில் வலி சற்றுக் கூடினாலும் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். கழுத்து வலி குறைந்து, விரல் வலியோ மரப்போ கூடினால் செய்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்று தவறு. நியூசிலாந்தைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி முதுகு வலியில் விரித்துரைத்த இந்த விதி கழுத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

மூன்றாம் படி: சூட்டைத் தணிக்கும் முதல் இரண்டு வாரம்

இக்காலத்தில் நோக்கம் வலுவேற்றுவதன்று. எரிச்சலடைந்த நரம்பை மேலும் சீண்டாமல் இருப்பதே. வலிக்கும் கையைத் தூக்கி உள்ளங்கையைத் தலைமேல் வைத்துப் பாருங்கள். நரம்பின் இழுவிசை தளர்வதால் பலருக்கு உடனே வலி குறைகிறது. அப்படிக் குறைந்தால், பேருந்துப் பயணத்திலும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் சில நிமிடங்கள் அவ்வாறே வைத்திருக்கலாம்.

தலையை அண்ணாந்து வலிக்கும் பக்கம் திருப்பும்போது நரம்புத் துளை மிகவும் குறுகுகிறது. பரணில் இருந்து பாத்திரம் எடுப்பது, உயரக் கொடியில் துணி காயப்போடுவது, ஒட்டடை அடிப்பது, கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு சமைப்பது ஆகியவற்றை வலி அடங்கும்வரை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். வலிக்கும் கையில் குடமோ கனத்த பையோ தூக்கக் கூடாது. நீண்ட தூர இருசக்கர வாகனப் பயணத்தையும் தவிர்ப்பது நல்லது.

தூக்கம்தான் பலருக்குப் பெரும்பாடு. குப்புறப் படுக்கக் கூடாது. பக்கவாட்டில் படுப்பவர், வலிக்கும் கை மேலே இருக்குமாறு படுத்து, அந்தக் கையை மார்புக்கு முன் ஒரு தலையணையில் வைத்துக்கொள்ள வேண்டும். தலைக்கு வைக்கும் தலையணை, தோளுக்கும் காதுக்கும் இடைப்பட்ட உயரத்தைச் சரியாக நிரப்ப வேண்டும். இதற்கு விலையுயர்ந்த மருத்துவத் தலையணை தேவையில்லை. பஞ்சை எடுத்தும் சேர்த்தும் உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய இலவம்பஞ்சுத் தலையணையே போதும்.

கழுத்துக் காலர் பற்றிப் பலருக்குக் குழப்பம் உண்டு. நெதர்லாந்தில் 205 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக வலி வந்தவர்களுக்குச் சில வாரங்கள் ஓரளவு கெட்டியான காலரும் ஓய்வும் கொடுத்தபோதும், பிசியோதெரபி கொடுத்தபோதும், ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களைவிட முதல் ஆறு வாரத்தில் வலி கூடுதலாகக் குறைந்தது. ஆறு மாதத்தில் மூன்று குழுவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். ஆகவே கடும் வலியில் குறுகிய காலம் காலர் அணிவதில் தவறில்லை. மாதக்கணக்கில் அணிந்து கழுத்துத் தசைகளை மெலியவிடுவதுதான் தவறு.

வலியில்லாத எல்லைக்குள் கழுத்தை இருபுறமும் மெல்லத் திருப்புவதையும், தினமும் சமதளத்தில் நடப்பதையும் முதல் நாளிலிருந்தே செய்யலாம்.

நான்காம் படி: கழுத்தையும் நரம்பையும் அசைத்தல்

இரவுத் தூக்கம் ஓரளவு திரும்பியதும் அடுத்த கட்டத்துக்குச் செல்லலாம். முதல் பயிற்சி, தாடையை உள்ளிழுப்பது. முதுகு சாய்மானத்தில் படும்படி நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, பார்வையை நேராக வைத்துக்கொண்டு, தலையைக் குனியாமலும் நிமிர்த்தாமலும் நேர் பின்னால் நகர்த்த வேண்டும். இரட்டைத் தாடை விழுவது போல் தோன்றினால் சரியாகச் செய்கிறீர்கள். ஓரிரு நொடி நிறுத்தித் தளர்த்தி, பத்து முறை செய்து, நாளில் சில வேளைகள் திரும்பச் செய்யலாம். செய்யும்போது கையில் வலி கீழே இறங்கி, நிறுத்திய பின்னும் அங்கேயே நின்றால் இந்தப் பயிற்சி இப்போதைக்கு உங்களுக்கு உரியதன்று.

இரண்டாவது, நரம்பை நழுவவிடும் பயிற்சி. ஆரோக்கியமான நரம்பு தன்னைச் சுற்றியுள்ள திசுக்களுக்கு நடுவே, பாவாடைக்குள் ஓடும் நாடாவைப்போல முன்னும் பின்னும் நழுவுகிறது. ஒரு முனையை இழுக்கும்போது மறுமுனையைத் தளர்த்தினால் அது அதிகம் நகரும்; இரு முனைகளையும் ஒரே நேரத்தில் இழுத்தால் விறைத்துக்கொள்ளும். எரிச்சலில் உள்ள நரம்புக்கு முதல் வகைதான் ஏற்றது.

வலிக்கும் கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள். முழங்கையை மெதுவாக நீட்டி, விரல்கள் தரையை நோக்கும்படி மணிக்கட்டைச் சாய்க்கும் அதே வேளையில், தலையை அந்தக் கையின் பக்கமாகவே சாய்க்க வேண்டும். முழங்கையை மடக்கும்போது தலையை எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். எந்த இடத்திலும் நிறுத்திப் பிடிக்காமல், ஓர் ஊஞ்சல் அசைவு போலப் பத்து முறை போதும். நாளில் இரண்டு மூன்று வேளை. தலையை வலிக்கும் பக்கம் சாய்ப்பதே வலியைக் கிளப்பினால், தலையை நேராக வைத்துக் கையை மட்டும் அசையுங்கள். இலேசான இழுப்பு தோன்றி உடனே மறைவது சரி. சுரீரென்ற வலியோ, நிறுத்திய பின்னும் நீடிக்கும் மதமதப்போ வந்தால் வீச்சைப் பாதியாகக் குறையுங்கள். "வலிக்க வலிக்கச் செய்தால்தான் நரம்பு விடும்" என்ற அறிவுரை தசை இறுக்கத்துக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தலாம். எரிச்சலடைந்த நரம்பை அப்படி இழுத்தால் அன்றிரவு உறக்கம் போய்விடும்.

இக்கட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் கையால் செய்யும் சிகிச்சைகளும் உதவுகின்றன. கழுத்தெலும்பை வலியில்லாத பக்கம் நோக்கி மெல்ல வழுக்கித் தள்ளும் முறையும், மேல்முதுகை இளக்கும் முறையும் அவற்றுள் முக்கியமானவை. பயிற்சியோடு சேர்ந்தால்தான் இவற்றின் பயன் நிலைக்கிறது.

இழுவையும் இயந்திரங்களும்

நம் மருத்துவமனைகளில் பிசியோதெரபி என்றாலே டிராக்‌ஷன் என்று பலர் எண்ணுகிறார்கள். கழுத்தை இழுத்து நரம்புத் துளையை அகலப்படுத்தும் இந்த முறை பற்றிய ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. பயிற்சியோடும் கைச்சிகிச்சையோடும் இழுவையைச் சேர்ப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று 2009இல் ஓர் அமெரிக்க ஆய்வும், பயிற்சியோடு இயந்திர இழுவையைச் சேர்த்தவர்கள் கூடுதல் முன்னேற்றம் கண்டதாக 2014இல் இன்னோர் அமெரிக்க ஆய்வும் கூறின. நடைமுறையில், கையால் தலையை மெல்ல இழுத்துப் பார்க்கும்போது கை வலி குறைபவர்களுக்கு இதை முயன்று பார்ப்பது நியாயமானது. அப்படிக் குறையாதவருக்குப் பத்து நாள் இழுப்பதில் பயன் எதிர்பார்ப்பதற்கில்லை. படுத்த நிலையில், கழுத்து சற்று முன்குனிந்திருக்க, குறைந்த எடையில் தொடங்கி விட்டுவிட்டு இழுப்பதே பொதுவான முறை. முடக்குவாதம், தண்டுவட அழுத்தம், கழுத்தெலும்பு முறிவு, கட்டி, தொற்று, கடுமையான எலும்பு வலுவிழப்பு உள்ளவர்களுக்கு இழுவை கூடாது. கதவில் கயிறு கட்டி வீட்டிலேயே இழுத்துக்கொள்ளும் கருவியை, சிகிச்சையாளர் எடையையும் கோணத்தையும் நேரில் காட்டிக்கொடுக்காமல் வாங்க வேண்டாம்.

மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் ஐ.எஃப்.டி., டென்ஸ், ஒலியலை செலுத்தும் அல்ட்ராசவுண்ட் போன்றவற்றால் சிறிது நேர நிம்மதி கிடைக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மின் சிகிச்சைகளையும், எஸ்.டபிள்யூ.டி. எனப்படும் சிற்றலை வெப்ப சிகிச்சையையும் தவிர்க்க வேண்டும். உடலில் உலோகத் தகடு உள்ளவர்களுக்கும் இந்த வெப்ப சிகிச்சை ஆகாது. மரத்துப்போன இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் சூடு தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் இதில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வலுவேற்றுதல்

வலி குறைந்ததும் பெரும்பாலோர் வருவதை நிறுத்திக்கொள்வது இந்த இடத்தில்தான். நரம்பு வலி தணிந்தாலும், அந்த நரம்பு இயக்கிய தசைகளும் கழுத்தின் ஆழத்தில் உள்ள சிறு தசைகளும் தாமாக வலுப்பெறுவதில்லை.

ஆழ்தசைப் பயிற்சி பார்க்க மிக எளிதாகத் தோன்றும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, தலைக்கடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, "ஆம்" என்று தலையசைப்பது போலத் தாடையை மிகச் சிறிதளவு தாழ்த்தி, பத்து நொடி பிடிக்க வேண்டும். தலை தரையைவிட்டு எழும்பக் கூடாது. தொண்டையின் இருபுறமும் உள்ள தடித்த தசைகள் புடைக்கக் கூடாது. அவை புடைத்தால் நீங்கள் தேவைக்கு மேல் முயல்கிறீர்கள் என்று பொருள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் க்வென் ஜல் வடிவமைத்த முறையில், கழுத்துக்கடியில் ஒரு காற்றுப் பையை 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வைத்து, தலையசைப்பால் அதை இரண்டிரண்டாக 30 வரை உயர்த்தச் சொல்வார்கள். கருவி இல்லாத இடத்தில் விரல்களால் தொண்டைத் தசையைத் தொட்டுப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். பத்து நொடி வீதம் பத்து முறை இலகுவாகச் செய்ய முடிவதே இலக்கு.

இதனோடு, தோள்பட்டை எலும்புகளைப் பின்னும் கீழுமாக இழுக்கும் பயிற்சி, ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டித் துடுப்புப் போடுவதுபோல் இழுப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஏழாவது வேர் பாதித்தவருக்கு முழங்கையை நீட்டும் தசைக்கும், ஆறாவது வேர் பாதித்தவருக்கு மணிக்கட்டை மேலே தூக்கும் தசைக்கும் தனிப் பயிற்சி தேவை. அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியே தொடக்க எடையாகப் போதும்.

மடிக்கணினியைச் சில புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்துத் தனி விசைப்பலகை பயன்படுத்துவதும், தையல், கணக்கு, பூக்கட்டுதல் போன்ற குனிந்து செய்யும் வேலைகளில் அரை மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும் இக்கட்டத்தோடு சேர்ந்தவை.

எங்கே செல்வது, எவ்வளவு காலம்

சிகிச்சையாளர் பி.பி.டி., அதாவது பிசியோதெரபி இளநிலைப் பட்டம் பெற்றவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே வர இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும், அதாவது பிசியோதெரபியும், அளிக்கிறார்கள். வாரம் இரண்டு மூன்று முறை நேரில் சென்று, மற்ற நாள்களில் வீட்டில் தவறாமல் பயிற்சி செய்வது, தினமும் சென்று இயந்திரத்தின் கீழ் மட்டும் படுத்துவிட்டு வருவதைவிட மேலானது.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி விரலிலிருந்து தோளை நோக்கி இம்மியும் ஏறாவிட்டால் மருத்துவரிடம் திரும்பிச் சென்று ஊசி, அறுவை சிகிச்சை உள்ளிட்ட வழிகளைப் பேசலாம். கை வலுவிழந்துகொண்டே போனால் ஆறு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இந்நோய் கண்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், கடைசியாகப் பார்த்தபோது சுமார் 90 விழுக்காட்டினர் தொந்தரவின்றியோ சிறு தொந்தரவுடனோ இருந்தனர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வலி திரும்பியது. உங்களுக்கும் திரும்பினால், பழைய பயிற்சித் தாளை எடுத்து நேராக வலுவேற்றும் பகுதிக்குப் போக வேண்டாம். நடை, பொத்தான் போடும் திறன், கைப்பிடி ஆகியவற்றை முதலில் சோதியுங்கள். இந்த முறை வலி எந்த விரலுக்கு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விரல் மாறியிருந்தால் வேரும் மாறியிருக்கலாம் என்பதால், பிசியோதெரபிஸ்டிடம் புதிதாகப் பரிசோதித்துக்கொண்டே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.